வெளிச்சுவர்ப் பூச்சு: மழைக்கு முன் வீட்டை ஒரு முறை சுற்றிப் பாருங்கள்



ஒவ்வொரு வருடமும் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் நம் அறக்கட்டளைக்கு வீடு பழுதுபார்க்க உதவி கேட்டு மனுக்கள் வருகின்றன. பெரும்பாலான மனுக்களில் ஒரே வாசகம்தான் இருக்கும்: "சுவர் ஊறுகிறது, பெயிண்ட் உரிகிறது, பிள்ளைகளுக்குச் சளி விடுவதில்லை. பெயிண்ட் அடிக்க உதவ வேண்டும்." இந்த மனுக்களைப் படித்துப் படித்து நாங்கள் கற்றுக்கொண்டதை இந்த இதழில் எழுதுகிறோம். கற்றுக்கொண்டது எங்கள் தவறிலிருந்துதான் என்பதால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் கணவரை இழந்த ஒரு சகோதரியின் வீட்டு வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் பணம் கொடுத்தோம். மறு வருடம் அதே சுவர் கொப்புளித்து உரிந்தது. பெயிண்ட் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, விலை கூடிய பெயிண்ட் வாங்க மீண்டும் கொடுத்தோம். அதுவும் ஒரு மழைக்காலத்தைத் தாங்கவில்லை. மூன்றாவது முறை மனு வந்தபோது, வேலையை விட்டு ஓய்ந்திருந்த வயதான கொத்தனார் ஒருவரை அழைத்துக்கொண்டு போனோம். அவர் சுவரைப் பார்க்கவே இல்லை. நேராக மொட்டைமாடிக்கு ஏறினார். மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரை விட்டு ஒரு சாண் கூட வெளியே நீளவில்லை. ஒவ்வொரு மழைக்கும் மாடித் தண்ணீர் அத்தனையும் அந்தச் சுவரில்தான் வழிந்திருக்கிறது. ஒரு முழங்கைக் குழாயும் ஒரு நீளக் குழாயும் போட்டிருந்தால் முதல் வருடமே தீர்ந்திருக்கும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டியதற்கு, நீங்கள் நம்பித் தந்த அமானத் பணத்தை இரண்டு முறை சுவரில் பூசிவிட்டோம்.

ஆகவே இந்தக் கட்டுரை முழுவதற்கும் சாரம் ஒன்றுதான். வெளிச்சுவரைக் கெடுப்பது தண்ணீர். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள், அந்த வழியை அடையுங்கள், பிறகு பூச்சைச் சரி செய்யுங்கள். பெயிண்ட் கடைசி வேலை.

நம் மலையில் ஏன் இவ்வளவு சிரமம்?

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் நமக்கு உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டுக்கும் முன்னால் கோடை மழை. மழை இல்லாத நாளிலும் மூடுபனி வந்து சுவரை நனைத்துவிட்டுப் போகும். கீழே சேலத்தில் நனைந்த சுவர் ஒரே நாள் வெயிலில் காய்ந்துவிடும். இங்கே ஒரு வாரம் ஆகும். காயும் முன்பே அடுத்த மழை வந்துவிடும்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால், 600 சதுர அடி மொட்டைமாடி ஒன்றின் மேல் ஒரு வருடத்தில் விழும் தண்ணீர் சுமார் 83,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரி ஏழு நிறைய. இத்தனை தண்ணீரும் குழாய் வழியாக இறங்கிச் சாக்கடைக்குப் போக வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு சுவரில் வழிந்தாலும் எந்தப் பெயிண்டும் நிற்காது.

நம் ஊரில் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபி பயிரிடத் தொடங்கிய காலத்திலிருந்து எழுந்த பழைய தோட்ட பங்களாக்களைக் கவனித்திருப்பீர்கள். கூரை சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டிருக்கும். சுற்றிலும் தாழ்வாரம். அடியில் உயரமான கல் மேடை. அந்த வீடுகளில் சுவரை மழை தொடுவதே குறைவு. நாம் இப்போது கட்டும் வீடுகள் பெட்டி போல இருக்கின்றன. ஹாலோ பிளாக் சுவர், மேலே தட்டைக் கான்கிரீட், ஜன்னலுக்கு மேல் ஒன்றரை அடி சன்ஷேடு. சாரல் நேராகச் சுவரில் அடிக்கிறது. அதனால் நம் வீட்டுப் பூச்சுதான் குடையாகவும் சட்டையாகவும் இருந்து எல்லாவற்றையும் தாங்க வேண்டியிருக்கிறது.

தண்ணீர் வரும் ஐந்து வழிகள்

முதல் வழி மொட்டைமாடி. தண்ணீர் தேங்குகிறதா, குழாய் வாயில் சில்வர் ஓக் இலை அடைத்திருக்கிறதா, குழாய் சுவரோடு ஒட்டி முடிகிறதா என்று பாருங்கள். குழாய் 4 அங்குல அகலம் இருந்தால் எளிதில் அடைபடாது. வாயில் ஒரு வலைமூடி போடுங்கள். குழாயைத் தரை வரை இறக்கிச் சாக்கடையில் விடுங்கள். நடுவானத்தில் விட்டால் தண்ணீர் தரையில் விழுந்து தெறித்துச் சுவரின் அடிப்பாகத்தை ஊறவைக்கும். பக்கத்து வீட்டுச் சுவரிலும் அடிக்கும். நம் கூரைத் தண்ணீர் அண்டை வீட்டாரின் சுவரைக் கெடுத்தால் அது அவர்களுடைய உரிமையில் நாம் கை வைப்பதாகும். இந்த ஒரு காரணத்தால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களை நாங்கள் அறிவோம்.

இரண்டாவது வழி கைப்பிடிச் சுவரின் தலை. அதன் மேற்பூச்சு வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, கீழே எங்கோ ஒரு அறைச் சுவரில் வெளிப்படும். அறையைப் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் தெரியாது. கைப்பிடிச் சுவரின் தலையில் மேற்பூச்சு மாடிப் பக்கம் சாய்வாக இருக்க வேண்டும். வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு மழையிலும் அழுக்கோடு சேர்ந்து வெளிச்சுவரில் கறுப்புக் கோடுகளாக வழியும்.

மூன்றாவது வழி சன்ஷேடும் ஜன்னல் ஓரமும். சன்ஷேடின் அடிப்பக்கத்தில், வெளி விளிம்பை ஒட்டி, விரல் அகலத்தில் ஒரு பள்ளக் கோடு இழுத்திருக்க வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். அது இல்லாவிட்டால் அடிப்பக்கம் வழியாகவே தவழ்ந்து சுவருக்கு வந்துசேரும். கொத்தனாருக்குச் சில நிமிட வேலை. ஆனால் கேட்டுச் செய்யச் சொன்னால்தான் நடக்கும். சன்ஷேடும் சுவரும் சேரும் மேல் மூலையில் தண்ணீர் தேங்காமல் சாய்வு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்காவது வழி தரை. சுவரை ஒட்டி மண் குவிந்திருந்தால், பூந்தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தால், ஈரம் கீழிருந்து ஏறும். வெளி மண் மட்டம் வீட்டுத் தளத்துக்குக் குறைந்தது அரை அடி கீழே இருக்க வேண்டும். வீட்டைச் சுற்றி இரண்டு அடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சாய்வாகச் சிமெண்ட் தளம் போட்டுவிட்டால் செம்மண் தெறிப்பதும் நிற்கும்.

ஐந்தாவது வழி மலைச்சரிவு. இது நம் ஊருக்கே உரியது. சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கும். மழைக்காலம் முழுவதும் மண்ணுக்குள் தண்ணீர் ஊறிவந்து சுவரை அழுத்தும். அறைக்குள் எத்தனை முறை பூசினாலும் நிற்காது. சரிவுக்கும் சுவருக்கும் நடுவே இடம் விட்டுக் கால்வாய் எடுப்பதுதான் தீர்வு. தடுப்புச் சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வடியும் குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மண்ணும் வேரும் அடைத்த குழாயைக் கம்பி விட்டுக் குத்தி எடுங்கள். தண்ணீர் வடியாத தடுப்புச் சுவர் ஒரு நாள் சாய்ந்துவிடும்.

இந்த ஐந்தையும் கண்டுபிடிக்க மிகச் சிறந்த நேரம் மழை பெய்து கொண்டிருக்கும் நேரம்தான். இடி மின்னல் இல்லாத மழையில் குடை பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு முறை சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே வழிகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். வெயில் நாளில் யூகிப்பதை விட இது நூறு மடங்கு மேல்.

வெடிப்புகளைப் படிப்பது எப்படி?

எல்லா வெடிப்பும் ஒன்றல்ல. வலைப் பின்னல் போல் மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தால் அது பூச்சின் மேல்தோலில் மட்டும் உள்ள குறை. சிமெண்ட் அதிகமாகப் போட்டிருப்பார்கள், அல்லது தண்ணீர் காட்டாமல் காயவிட்டிருப்பார்கள். பயப்படத் தேவையில்லை. நன்கு காய்ந்த பிறகு வெளிச்சுவருக்கான நிரப்பியும் பெயிண்டும் கொடுத்தால் மூடிவிடும்.

கான்கிரீட் தூண் அல்லது உத்திரம் சுவரைச் சந்திக்கும் இடத்தில் நேர்கோடாக ஒரு வெடிப்பு வரும். வெயிலிலும் குளிரிலும் கான்கிரீட் ஒரு மாதிரி விரிந்து சுருங்குகிறது, சுவர் வேறு மாதிரி. அதன் மேல் வெறும் சிமெண்டைத் தேய்த்தால் அடுத்த வருடம் அதே இடத்தில் திரும்ப வரும். இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சை எடுத்துவிட்டு, கோழிவலை அடித்து, அதன் மேல் பூச வேண்டும்.

மூன்றாவது வகை படிக்கட்டு போல் ஏறும், அல்லது ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு. விரல் நகம் நுழையும் அளவுக்கு அகலம் இருந்தால் பூச்சு வேலையைத் தொடாதீர்கள். அஸ்திவாரம் இறங்குகிறது என்பதற்கு இது அடையாளமாக இருக்கலாம். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அகலத்தையும் அளந்து குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். நீண்டிருந்தாலோ அகன்றிருந்தாலோ உடனே பொறியாளர் ஒருவரை அழையுங்கள். பெருமழையின்போது இப்படி வெடிப்பு திடீரெனப் பெரிதானால், கதவுகள் இறுகிக்கொண்டால், பின்சரிவில் மண் பிளந்திருந்தால் அன்றிரவு அந்த வீட்டில் படுக்க வேண்டாம். உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். பொருளை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.

தட்டிப் பார்ப்பதும் ஒரு பரிசோதனை. விரல் முட்டியாலோ நாணயத்தாலோ சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் கணீரென்று கேட்கும். பூச்சு சுவரை விட்டுப் பிரிந்த இடத்தில் பொக்கென்று கேட்கும். பொக்கு விழுந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள். சன்ஷேடின் அடியிலும் வாசலுக்கு மேலும் பொக்கு இருந்தால் தள்ளிப் போடவே கூடாது. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் தலையளவு பூச்சுக் கட்டி விழுந்த வீட்டை நாங்கள் பார்த்திருக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், அப்போது யாரும் அங்கே இல்லை.

உப்பும் பாசியும்

சுவரில் வெள்ளையாகப் பூத்து நிற்பது உப்பு. மணலிலும் செங்கல்லிலும் மண்ணிலும் உள்ள உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் தங்கிப் பூச்சைப் பொரிய வைக்கிறது. இதைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். உப்பு மறுபடி கரைந்து உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, தூளைப் பெருக்கி அள்ளிவிடுங்கள். தண்ணீர் வழி அடைந்த பிறகு சில மாதங்களில் உப்புப் பூப்பது தானாகக் குறையும்.

பச்சையும் கறுப்புமாகப் படர்வது பாசியும் பூஞ்சையும். வெயில் படாத பக்கத்தில் அதிகம் வரும். சுவரை ஒட்டி நிற்கும் கிளைகளையும் கொடிகளையும் கழித்துக் காற்றும் வெளிச்சமும் பட வையுங்கள். பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசலால் பிரஷ் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ கழிப்பறை கழுவும் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். உண்டாகும் புகை நுரையீரலைக் கெடுக்கும் விஷம். சிமெண்ட் பூச்சின் மேல் ஆசிட் ஊற்றுவதும் கூடாது. அது பூச்சையே அரித்துவிடும்.

ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டோ மீட்டர் பெட்டியோ இருந்தால் முதலில் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். ஈரச் சுவரில் மின்சாரம் கசிந்தால் தொட்ட கை மீளாது.

பூச்சை ஒட்டுப்போடும் முறை

கொத்தனார்தான் வேலை செய்யப்போகிறார் என்றாலும், வீட்டுக்காரருக்கு முறை தெரிந்திருக்க வேண்டும். பகல் நேரத்தில் வீட்டில் இருக்கும் பெண்களும் பெரியவர்களும் தெரிந்துகொண்டால் இன்னும் நல்லது.

பொக்கு விழுந்த பூச்சை மிச்சம் வைக்காமல் சதுரமாக வெட்டி எடுக்க வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இணைப்பைச் சுண்டுவிரல் கனத்துக்குச் சுரண்டிவிட வேண்டும். தூசு போகக் கழுவி, சுவரை ஈரமாக்க வேண்டும். காய்ந்த சுவரில் பூசினால் கலவையின் தண்ணீரைச் சுவர் உறிஞ்சிவிடும், பூச்சு பிடிக்காது. தண்ணீர் சொட்டச் சொட்டவும் இருக்கக் கூடாது.

வெளிப்பூச்சை இரண்டு தடவையாகப் பூசுவது முறை. முதல் பூச்சு 12 முதல் 15 மில்லிமீட்டர். அதன் முகத்தைக் கரண்டியால் கீறிவிட்டு, இரண்டு நாளாவது ஈரம் காத்து, அதன் பிறகு 5 முதல் 8 மில்லிமீட்டரில் இரண்டாவது பூச்சு. உள் பூச்சு வெளிப் பூச்சை விட உறுதியாக இருக்க வேண்டும். முதல் பூச்சுக்கு ஒன்றுக்கு நான்கு, இரண்டாவதற்கு ஒன்றுக்கு ஐந்து என்று கலக்கலாம். சிமெண்ட் கூடக் கூடப் பூச்சு பலம் என்று பலர் நினைக்கிறோம். சிமெண்ட் கூடினால் பூச்சு அதிகமாகச் சுருங்கும், வெடிப்பும் கூடும். 100 சதுர அடிச் சுவருக்கு 15 மில்லிமீட்டர் கனத்தில், ஒன்றுக்கு ஐந்து கலவைக்கு, ஏறத்தாழ ஒரு மூட்டை சிமெண்டும் ஆறு கன அடி மணலும் ஆகும். இந்தக் கணக்குத் தெரிந்திருந்தால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுவரும் பொருளில் வீண் விரயம் வராது.

கலவையை மண்வெட்டி மதிப்பில் போடாமல் அளவுப் பெட்டியாலோ ஒரே சட்டியாலோ அளந்து போடச் சொல்லுங்கள். பூச்சுக்கென்று விற்கும் பி-சாண்ட் வாங்குங்கள். கட்டுக்கோப்புக்கும் கான்கிரீட்டுக்கும் வரும் எம்-சாண்ட் பூச்சுக்குச் சொரசொரப்பு அதிகம். ஆற்று மணல் கிடைத்தால், ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணலும் மேலே தண்ணீரும் விட்டுக் குலுக்கி, சில மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். மணல் மேல் களிமண் தனி அடுக்காகப் படியும். அது மணலின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அந்த மணல் பூச்சுக்கு ஆகாது.

தண்ணீர் விட்டுக் குழைத்த கலவையை அரை மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். தேநீருக்குப் போய்வந்து, இறுகிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பூசுவதுதான் நாம் அடிக்கடி காணும் குறை. தேநீர் நேரத்தைப் பார்த்துக் கொஞ்சமாகக் கலக்கச் சொன்னால் போதும். பூச்சின் மேல் வெறும் சிமெண்டைத் தூவித் தேய்த்து மினுக்குவதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மயிரிழை வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பூசிய மறுநாளிலிருந்து ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். மூடுபனிதான் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பனி மேலே நனைக்கும், மதியக் காற்று உள்ளே உள்ள ஈரத்தை இழுத்துவிடும். நனைத்த சணல் சாக்கைத் தொங்கவிடலாம். கொத்தனார் வேலை முடித்துப் போய்விடுவார். இந்த ஏழு நாள் வேலை வீட்டாருடையது. இதைச் செய்யாமல் பூச்சு உதிர்ந்தால் கொத்தனாரைக் குறை சொல்லக் கூடாது. அவர் கூலியையும் வேலை முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள்.

பூச்சு காய்ந்ததும் பெயிண்டுக்கு அவசரப்படாதீர்கள். குறைந்தது 28 நாள் விடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு இன்னும் சில நாள் கூடினாலும் நல்லதே. புதுப் பூச்சில் உள்ள காரம் பெயிண்டைக் கெடுக்கும். உள்ளே சிக்கிய ஈரம் வெளியே வர வழி தேடிப் பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளும். உயரமான இடத்தில் வேலை என்றால் சாரம் கட்டிச் செய்யுங்கள். ஏணியில் தொற்றிக்கொண்டு வீட்டுப் பிள்ளைகளே அடிப்பது வேண்டாம். கூலியை மிச்சப்படுத்தப் போய்க் காலை முறித்துக்கொண்டவர்கள் நம் மத்தியிலேயே இருக்கிறார்கள்.

பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் வேண்டாம்

நம் ஊரில் தாத்தா காலத்து வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர்கள். இவற்றில் பூச்சு உதிர்ந்தால் சிமெண்டால் ஒட்டுப்போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பலமாக இருக்கும் என்று நினைத்துச் செய்கிறோம். ஆனால் மண்சாந்துச் சுவர் எப்போதும் கொஞ்சம் ஈரத்தை இழுக்கும், அந்த ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி மண்சாந்தைக் கரைக்கிறது. வெளியே சுவர் புதிதாகத் தெரியும், உள்ளே கல் தளர்ந்துகொண்டிருக்கும்.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் தாவோஸ் அருகே பச்சை மண்கல்லால் கட்டிய பழைய தேவாலயம் ஒன்று இருக்கிறது. 1967-ல் அதன் மண்பூச்சை எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசினார்கள். சிமெண்டின் வெடிப்புகள் வழியே புகுந்த தண்ணீர் வெளியேற வழியின்றி மண் சுவரை உள்ளுக்குள் கரைத்தது. 1979-ல் அந்தச் சிமெண்ட் முழுவதையும் பெயர்த்தெடுத்து, மறுபடி மண்ணே பூசினார்கள். இன்றுவரை ஊர் மக்கள் வருடந்தோறும் கூடி அந்தப் பூச்சைப் புதுப்பிக்கிறார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து அவர்கள் கற்றதை நாம் முன்கூட்டியே கற்றுக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தாலேயே ஒட்டுப்போடுங்கள். மேலே பெயிண்ட் அடிக்காமல் வருடம் ஒரு முறை வெள்ளையடியுங்கள். செலவு மிகக் குறைவு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாக மாறுகிறது. சிறு வெடிப்புகள் அதிலேயே மூடிக்கொள்ளும். சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போடும்போது கொதித்துத் தெறிக்கும் என்பதால் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

எப்போது செய்வது?

மார்கழிப் பனி கழிந்து, தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை நமக்குக் கிடைக்கும் காய்ந்த காலம். தையில் சுற்றிப் பார்த்து, மாசியில் பூச்சு வேலையை முடித்து, பங்குனியில் பெயிண்ட் அல்லது வெள்ளை அடித்துவிடலாம். சித்திரை, வைகாசியில் கோடை மழை வரும் முன் மாடியைப் பெருக்கிக் குழாய்களைச் சுத்தம் செய்துவிட வேண்டும். பருவமழைக் காலத்தில் மாதம் ஒரு முறையாவது குழாய் வாயைப் பார்க்க வேண்டும். மழை நடுவில் பூச்சு வேலையைத் தொடங்கினால் பாதிச் சிமெண்ட் சாக்கடையில்தான் போகும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லத் தோன்றுகிறது. ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில் ஜென்னே என்ற ஊரின் பெரிய பள்ளிவாசல் முழுவதும் மண்ணால் ஆனது. இப்போதுள்ள கட்டடம் 1907-ல் எழுந்தது. 1988-ல் அந்த ஊரின் பழைய பகுதிகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மண் கட்டடம் நூறு வருடத்துக்கு மேல் மழையைத் தாங்கி நிற்பதன் ரகசியம் எளிமையானது. வருடந்தோறும் மழைக்காலத்துக்கு முன் ஒரு நாள் ஊரே கூடுகிறது. பெண்கள் தண்ணீர் சுமந்து வருகிறார்கள். சிறுவர்கள் குழைத்த மண்ணைக் கூடையில் ஓடி ஓடிக் கொண்டுவருகிறார்கள். கொத்தர்கள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகளில் ஏறிப் பூசுகிறார்கள். ஒரு வருடம் விட்டால் கெட்டுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் விடுவதில்லை. நம் சுவர் சிமெண்ட் என்பதால் பத்து வருடம் திரும்பிப் பார்க்காமல் இருக்கிறோம். பிறகு கடன் வாங்குகிறோம்.

இனி நம் அறக்கட்டளையில்

நிர்வாகக் குழு கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். சுவர் பழுதுக்கு மனு வந்தால், பணம் கொடுக்கும் முன் அனுபவமுள்ள கொத்தனார் ஒருவரோடு வந்து வீட்டைப் பார்ப்போம். முதல் உதவி தண்ணீர் வழியை அடைப்பதற்கு, அடுத்தது பூச்சுக்கு. பெயிண்டுக்கான உதவி அவை முடிந்து சுவர் காய்ந்த பிறகுதான். இதனால் சிலருக்குத் தாமதமாகும். மன வருத்தம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒரு வீட்டுக்கு இரண்டு முறை வீணாகும் பணம் இன்னொரு வீட்டின் பின்சுவருக்குக் கால்வாய் எடுக்க உதவும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் தண்ணீர் வழியும் இடத்தைப் படம் எடுத்து வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குடியிருப்பவர் சொல்லும் வரை காத்திராமல் வருடம் ஒரு முறை நீங்களே போய் மாடியை ஏறிப் பாருங்கள். அந்த ஈரத்தில் படுப்பது உங்களை நம்பி வந்த குடும்பத்தின் பிள்ளைகள்.

முதலில் சொன்ன அந்தச் சகோதரியின் வீட்டுக்குக் குழாய் மாற்றி இரண்டு மழைக்காலம் ஆகிறது. சுவர் காய்ந்திருக்கிறது. மேலே பழைய பெயிண்டின் திட்டுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன, பார்க்க அழகாக இல்லை. இந்தப் பங்குனியில், இன்ஷா அல்லாஹ், அதற்கு ஒரு பூச்சு பெயிண்ட் அடித்துக் கொடுப்போம். இந்த முறை அது நிற்கும் என்று நம்புகிறோம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்,
நிர்வாகக் குழுவுக்காக